அவரு கேட்ட நாய்

அந்த நாற்காலி வேணாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி இந்த ஸ்டூல்ல உட்காருங்க. முன் ரூம்ல அவரு இப்பதான் கண்ண மூடினாரு. மருந்து உள்ள போச்சுன்னா கொஞ்ச நேரத்துக்கு அசைய மாட்டாரு. எழுந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன், கேக்க வேண்டியதெல்லாம் அவருகிட்டயே கேளுங்க. அவருதான் உங்களுக்கு போன் பண்ணாரு, அவருதான் பேசணும். நான் சும்மா டீ போடுற ஆளு.

தாராளமாப் பாருங்க, இதுல என்ன இருக்கு. காப்பகத்துல இருந்து யாராவது வந்து வீட்டப் பாத்துட்டுதான் நாயக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? முன்னாடியெல்லாம் தாடி வச்ச ஒருத்தரு வருவாரு. இப்ப இல்லையா? ஓ, வேலைய விட்டுட்டாரா. நல்ல மனுஷன். வந்ததும் எங்க வீட்டு ஃபிரிட்ஜத்தான் முதல்ல திறந்து பாப்பாரு. நாய்க்கு என்ன இருக்குன்னு இல்ல, அவருக்கு என்ன இருக்குன்னு.

பாத்து நடங்க, தடுக்கிறப் போகுது. வீடு பூரா மிதியடிதான். வயசான நாய்க்குப் பின்னங்கால் நிக்காதுல்ல? வழவழன்னு இருக்குற தரையில நாலு காலும் நாலு பக்கம் போயி தவளை மாதிரிப் படுத்துரும். படுத்துட்டு, வேணும்னேதான் படுத்தேன்ங்கிற மாதிரி நம்மளப் பாக்கும். அதுக்காகப் போட்டது. இப்ப நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல, மிதியடி மட்டும் கிடக்கு. எடுத்துரலாம்னு குனிவேன். வேணாம்னு முட்டி சொல்லிரும்.

எனக்கா? எனக்கு நாய் புடிக்குமான்னா என்னத்தச் சொல்றது. உண்மையச் சொல்லட்டா? எனக்கு நாய்னா பயம். கல்யாணம் ஆகி வந்தப்ப தெருவுல ஒண்ணு நின்னா அடுத்த தெருவச் சுத்திக்கிட்டு வருவேன். இதெல்லாம் அவரு இழுத்து விட்ட வேலை.

அவரு லிஃப்ட் மெக்கானிக்கும்மா. ஊர்ல உள்ள லிஃப்ட்டுக்கெல்லாம் வைத்தியம் பாப்பாரு, ஆனா நாங்க குடியிருந்தது லிஃப்ட்டே இல்லாத கட்டடத்துல மூணாவது மாடி. ஒரு நாள் ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட்ல இருந்து கம்ப்ளெயிண்ட். கீழ லிஃப்ட் கதவு மூட மாட்டேங்குது, வந்து வந்து திரும்பிப் போகுதுன்னு. இவரு கதவுல ஏதோ கோளாறுன்னு நெனச்சு பையத் தூக்கிட்டுப் போயிருக்காரு. போய்ப் பாத்தா ஒரு நாய். பாதி உள்ள, பாதி வெளிய, வாசப்படியில குறுக்கப் படுத்திருக்கு. கதவு வந்து அது மேல படும், திரும்பிப் போகும். மறுபடி வரும், படும், போகும். அது அசையல. போறவங்க வர்றவங்க எல்லாம் தாண்டித் தாண்டிப் போறாங்க.

வாட்ச்மேன்தான் சொல்லியிருக்காரு. அஞ்சாவது மாடிக்காரங்க வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, லாரியில சோபா போச்சு, கட்டில் போச்சு, பூந்தொட்டி கூடப் போச்சு, இது மட்டும் போகலைன்னு. வயசாயிருச்சும்மா அதுக்கு. மூஞ்சியெல்லாம் நரைச்சு, ஒரு கண்ணுல பூ விழுந்து. புது வீட்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

இவரு என்ன பண்ணாருன்னா, அத உள்ள நகத்தி உட்கார வச்சு அஞ்சாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. எதுக்குன்னு கேட்டா, அதுவும் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு நெனச்சேங்கிறாரு. அது போயி பூட்டின கதவ மோந்து பாத்திருக்கு. ஒரு சத்தம் போடல. திரும்பி லிஃப்ட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிட்டு, சரி கீழ போலாம்ங்கிற மாதிரி இவரையே பாத்துச்சாம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் மனுஷன் என்னத்த ரிப்பேர் பண்ணுவாரு?

நான் கதவத் திறந்தா, தோள்ல கருவிப் பை, கையில நாய். மூணு மாடி தூக்கிட்டு ஏறியிருக்காரு, மூச்சு வாங்குது. நான் விளக்குமாத்தக் கையில புடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு கதவுக்கு வெளியில நின்னு சொன்னாரு.

மறுநாள் உங்க காப்பகத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்தவங்க, சார், இடமே இல்ல, இதுல கிழ நாய யாரு வந்து கேப்பாங்க, யாராவது வர்ற வரைக்கும் நீங்களே வச்சிருங்க, டாக்டர் செலவ நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. யாராவது வர்ற வரைக்கும்னா என்னம்மா அர்த்தம்? வர்றவங்கல்லாம் குட்டி கேக்குறாங்க. நரைச்ச மூஞ்சியப் பாத்தா, ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்த கூண்டுக்குப் போயிடுவாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன். ஒருத்தரும் வரல. எங்க வீட்டுலயே இருந்துச்சு. லிஃப்ட்டுன்னே பேரு நின்னு போச்சு. டேய் லிஃப்ட்டுன்னு கூப்பிட்டா வரும்.

பயம் போச்சான்னா, எப்பப் போச்சுன்னு தெரியல. ஒரு நாள் பாத்தா நான் அதோட காதத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆனா ஒண்ணு, அந்த லிஃப்ட்டு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டேதான் இருந்துச்சு. படியில யாராவது ஏறி வர்ற சத்தம் கேட்டாப் போதும், படாத பாடு பட்டு எழுந்து கதவுகிட்ட போயி நிக்கும். எழுந்திரிக்கிறதுக்கே அதுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அது நிமிர்றதுக்குள்ள ஏறி வந்த ஆளு தாண்டி மேல போயிருப்பான். மறுபடி முனகிக்கிட்டே படுக்கும். அடுத்த ஆளு வருவான், மறுபடி எழுந்திரிக்கும். நாங்க எவ்வளவு பாசமா வச்சிருந்தும் அது எங்களுக்காக நிக்கலைல்ல. சாகுற அன்னிக்குக் காலையில கூடப் பால்காரன் ஏறி வந்தான். எழ முடியல, தலைய மட்டும் தூக்கிப் பாத்துச்சு.

அன்னிக்குத்தான் அவரு சொன்னாரு. இனிமே எடுத்தா கிழடாத்தான் எடுக்கணும், நாம நல்லா இருக்கும்போதே அது நம்ம மடியில போயிறணும், எந்த நாயும் நம்மளத் தேடிக் கதவப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு. அழுதுக்கிட்டு சொன்னா சரி, நாலு நாள்ல மறந்துருவாருன்னு விட்டுருப்பேன். மூக்குக் கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு, சாதாரணமா, பல்பு மாத்தணும்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் மாட்டிக்கிட்டேன்னு.

சர்க்கரை போதுமா பாருங்க. நான் கை நிறையப் போட்டுருவேன்.

அடுத்தது மகாராணி. பேரு நான் வச்சது. வாயில ஒரு பல்லு கிடையாது, ஆனா நடையப் பாக்கணுமே. வந்த அன்னிக்கு வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போயிப் புகுந்துக்கிச்சு. ஆம்பளைங்கன்னா அதுக்கு ஆகாது. எவனோ நல்லா அடிச்சிருக்கான். இவரு குரலக் கேட்டாலே அதுக்கு மூத்திரம் போயிரும். ஆசையா எடுத்துட்டு வந்தவரு கிட்டப் போக முடியல, விளக்குமாறு புடிச்சுக்கிட்டு நின்னவதான் அதுக்கு வேணும். எப்படி இருக்கு கதை பாருங்க.

ரொட்டியையும் வேகவச்ச கோழியையும் கூழாட்டம் பிசைஞ்சு, தரையில உட்கார்ந்து கையால ஊட்டணும். நாம பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தாத்தான் முழுங்கும். பேச்ச நிப்பாட்டினா அதுவும் நிப்பாட்டிரும். தினமும் நான் என்னத்தப் பேசுறது? விலைவாசி பேசினேன். எங்க பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க பண்ணதப் பேசினேன். அது தீந்து போச்சு. அப்புறம் அவருகிட்டயே சொல்லாததெல்லாம் அதுகிட்ட சொன்னேன். வாஷிங் மெஷினப் பாத்து நான் பேசுறத அடுப்படி வாசல்ல நின்னு அவரு கேட்டிருக்காரு. ஒரு நாள் சொல்றாரு, எனக்குப் பொறாமையா இருக்கு, என்கிட்ட இவ்வளவு நேரம் நீ பேசினதே இல்லைன்னு. நான் பேச்ச நிப்பாட்டினா நீங்க எங்க சாப்பாட்ட நிப்பாட்டுறீங்க, உங்களுக்குத்தான் பல்லு நல்லா இருக்கேன்னேன்.

அது போனப்ப நான் ரெண்டு நாள் படுத்த படுக்கை. அவரு சமைச்சாரு. அதச் சாப்பிட முடியாமத்தான் எழுந்தேன்னு வைங்க.

அதுக்குப் பிறகு மாடி முடியாதுன்னு ஆயிருச்சு. நாய மேலயும் கீழயும் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. சரின்னு இந்தக் கீழ் வீட்டுக்கு வந்தோம். வெளிச்சம் கம்மி, கொசு ஜாஸ்தி. ஆனா பின்னாடி கதவத் திறந்தா மண்ணு. நாய்க்காக வீடு மாத்தின ஆளுங்க நாங்க. எங்க பொண்ணு போன்ல கத்துவா, நீங்க ரெண்டு பேரும் நடத்துறது வீடா ஆஸ்பத்திரியாம்மான்னு. அவளுக்கு என் முட்டிய நெனச்சுக் கவலை. அவ சொல்றதும் நியாயம்தான்.

இங்க வந்தது செவிடன். ஆமா, காது சுத்தமாக் கேக்காது. தூங்கும்போது தொட்டோம்னா தூக்கிப் போட்டு எழுந்து, கடிக்க வந்துட்டு, அப்புறம் நம்ம மூஞ்சியப் பாத்து வெக்கப்படும். அதனால அவரு கொஞ்ச தூரத்துல நின்னு தரையக் காலால தட்டுவாரு. அந்த அதிர்வுல மெல்லக் கண்ணு முழிக்கும். வீட்டுக்குள்ள எப்பவும் டம்டம்னு தட்டிக்கிட்டே நடப்பாரு. பக்கத்து வீட்டுக்காரங்க, சாருக்கு என்ன கோபம்னு என்னைக் கேப்பாங்க.

அதுக்கு வயித்துல கட்டி. கடைசியில எல்லாம் படுக்கையிலயேதான். நான் துடைப்பேன், அவரு புரட்டிப் போடுவாரு. துணி துவைச்சு, தரையத் துடைச்சு, மாத்திரைய உள்ள தள்ளி, அது துப்பினத மறுபடி பொறுக்கித் தள்ளி. அப்படியே ஒரு மழைக்காலம் பூராப் போச்சு. டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டாரு. தலை அவரு மடியில இருந்துச்சு. காது கேக்காத நாய்கிட்ட அவ்வளவு நேரம் என்னத்தப் பேசினாருன்னு தெரியல, உதடு மட்டும் அசைஞ்சுது.

அன்னிக்கு எனக்கு அழுகை வரலம்மா. அழுகையில கூட மனுஷனுக்கு அலுப்பு வருமான்னா, வரும். எனக்கு வந்துச்சு. ஒண்ணு போறதும் அடுத்தது வர்றதும், அதுவும் போறதுக்குன்னே வர்றது. எனக்கு முடியல, இனிமே இந்த வாசப்படிய எந்த நாயும் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கத்தல, சும்மாத்தான் சொன்னேன்.

அவரு சரின்னுட்டாரு. கிண்ணத்தையெல்லாம் கழுவிக் கவுத்துப் பரண்ல வச்சுட்டு வந்து உட்கார்ந்தாரு. எனக்குப் பக்குன்னுது. ஏன்னா எதுக்கும் அவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்ற ஆளு இல்ல அவரு. ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு மணி நேரம் வாதாடுவாரு. அப்பவே உடம்புக்குள்ள என்னமோ பண்ணியிருக்கு. வெளிய சொல்லல.

ஆமா, உடம்புக்கு முடியலதான். சொல்றேன்.

நீங்க கேட்டீங்கல்ல, இனிமே வேணாம்னு சொன்னவங்க இப்ப எப்படி ஒத்துக்கிட்டீங்கன்னு. போன வாரம் உங்க காப்பகத்துக்கு வந்தோம். அன்னிக்கு நீங்க இல்ல, வேற ஒரு அக்கா இருந்தாங்க. ஆட்டோவுல இருந்து கூண்டு வரைக்கும் நடக்குறதுக்குள்ள அவரு மூணு இடத்துல உட்கார்ந்தாரு. கடைசிக் கூண்டுல அந்தக் குருட்டுப் பொட்டை இருக்குல்ல, இதயம் வீங்கினது, பல்லும் போனது, அது முன்னாடி போயி நின்னுட்டாரு. அந்த அக்கா நல்லவங்க, மறைக்காமச் சொன்னாங்க. சார், இதுக்குப் பதினாலு வயசு, கொஞ்ச நாள்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு. அவரு முகத்துல அன்னிக்கு ஒரு தெளிவு வந்துச்சு பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சதுலருந்து நான் அதப் பாக்கல. இதையே குடுங்கன்னுட்டாரு.

பக்கத்துக் கூண்டுல ஒரு பழுப்பு நிறத்து நாய் இருந்துச்சு. ஒரு காது கிழிஞ்சிருக்கும், தெரியுமா? அதேதான். அதோட வீட்டுக்காரர் இறந்துட்டாராமே. வர்ற போறவங்களப் பாத்து வாலாட்டல, குலைக்கல. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என் விரல மோந்து பாத்துச்சு, நக்கல, அப்படியே கம்பியில தலையச் சாச்சுக்கிட்டு என் பக்கத்துல உட்கார்ந்துருச்சு. இவரு அங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம். அதுக்கு ஒன்பது வயசுன்னு அந்த அக்கா சொன்னாங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்னாங்க.

அவரு கணக்கு எனக்குப் புரியும்மா. புரியாம என்ன, இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன். கணையத்துல இருக்கு அவருக்கு. டாக்டர் நாளக் குறிச்செல்லாம் சொல்லல. ஆபரேஷன் வேணாம், அவருக்கு என்ன புடிக்குமோ செஞ்சு குடுங்கன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு மேல கேக்க என்ன இருக்கு. அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கிறது இல்ல. மிக்ஸி சத்தம் வருது, கரண்ட் பில் வந்திருச்சா, இப்படித்தான் போகுது பேச்சு.

அவரு போறதுக்கு முன்னாடி போயிடுற மாதிரி ஒரு நாயத் தேடிட்டு இருக்காரு. அதனாலதான் அந்தக் குருடிய அவ்வளவு புடிச்சுது. தனக்காக எதுவும் கதவப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது, கடைசியா ஒரு மடி குடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான் அவரு யோசனை. நல்ல யோசனைதான். அவரு யோசிச்சா எல்லாருக்கும் சேத்துதான் யோசிப்பாரு. இதுல மட்டும் ஒரு ஆள விட்டுட்டாரு.

இல்லம்மா, நான் அழல. அடுப்புச் சூடு.

பொண்ணு கூப்பிடுறா. அப்பாவுக்கப்புறம் இங்க வந்துருங்கன்னு இப்பவே அவ வீட்டுல எனக்கு ஒரு ரூம ஒழிச்சுட்டா. நான் போக மாட்டேன். அங்க போயி அவ வீட்டுப் பாத்திரத்த இடம் மாத்தி வச்சு, மருமகன் கிட்ட பாத்துப் பாத்துப் பேசி, அதெல்லாம் எனக்கு வராது. நான் இங்கதான் இருப்பேன். ஆனா கடைக்குப் போயிட்டு வந்து சாவியப் போட்டுக் கதவத் திறந்தா, உள்ள எதாவது ஒண்ணு எழுந்து வர்ற சத்தம் இருக்கணும்மா. நாலஞ்சு வருஷத்துக்கு இருந்தாப் போதும். அதுக்குள்ள எனக்கும் பழகிரும்.

தப்புதான். அந்தக் குருடிக்கு வேற யாரும் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், நீங்க சொல்லவே வேணாம். நான் இத்தனை காலமும் அவரு நியாயத்துக்கே நடந்தவ, இது ஒண்ணு, அந்தப் பழுப்பு நாய, எனக்காகக் கேக்குறேன். குருடிய நான் விட்டுற மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா கொஞ்ச நேரம் இவரப் பாத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க, அப்பப்ப நான் காப்பகத்துக்கே வந்து கையால ஊட்டிட்டுப் போறேன். பல்லு இல்லாததுக்கு எப்படி ஊட்டணும்னு உங்க ஆளுங்கள விட எனக்கு நல்லாத் தெரியும்.

இருங்க, கூப்பிடுறாரு. இதோ வர்றோங்க. ஆமா, காப்பகத்துல இருந்துதான். வந்து நேரமாச்சு, டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க எழுந்திரிக்காதீங்க, தலகாணிய நான் வந்து வைக்கிறேன்.

வாங்கம்மா, டம்ளர் அங்கேயே இருக்கட்டும், நான் கழுவிக்கிறேன். அந்தக் குருடிய இப்ப வெளிய அனுப்ப முடியாதுன்னு டாக்டர் சொல்றாருன்னு சொல்லுங்க. அது பாதி உண்மைதான, அதுக்கு மூச்சு வாங்குதுன்னு நீங்களே இப்ப சொன்னீங்க. அப்புறம் அந்தப் பழுப்புக்கு வயசு கேப்பாரு. பதிமூணுன்னு சொல்லிருங்க.

கண்டுபிடிச்சிருவாரு. வீட்டுக்கு வந்ததும் முதல்ல பல்லத்தான் பாப்பாரு, பாத்தா வயசு தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சா என்ன, ஏன்னு என்கிட்ட கேக்க மாட்டாரு. வாங்க.